கடைசிச் சொல்லுக்குப் பின்னால் ஓர் உகரம்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து வந்தது. பாரிஸில் ஓர் இசைத்தட்டு நிறுவனம் பாடகி எலேன் வாரியின் பாட்டுகள் அனைத்தையும் ஒரே பெட்டியில் போட்டு வெளியிடுகிறது. பாட்டு வரிகளை அச்சிட்ட சிறு புத்தகமும் பெட்டிக்குள் வரும். அதற்குப் பிழை திருத்துகிற பெண் என்னைக் கூப்பிட்டு, வணக்கம் சொன்ன கையோடு கேட்டார்:

"முசியே, 'ஞாயிற்றுக்கிழமை சூப்' பாட்டுல அந்தக் கடைசிச் சொல்லு ஆம்பளையா, பொம்பளையா?"

"எனக்குத் தெரியாது, மதாம்."

"அந்தம்மாவுக்கு வந்த லெட்டருக்கெல்லாம் இத்தனை வருஷமா பதில் எழுதினவர் நீங்கதானே?"

"நான்தான்."

"எழுதினவர் குடுத்த தாள்ல ஆம்பளையா இருக்கு. தட்டுல கேட்டா பொம்பளையா இருக்கு. நான் எதைப் போட?"

"அதுக்காக ரெண்டு பேரு நாப்பது வருஷமா சண்டை போட்டுட்டு இருக்காங்க."

"அச்சு வியாழக்கிழமை. அடைப்புக்குறிக்குள்ள ஒரு எழுத்தைப் போட்டு விட்டுடவா, நகராட்சி விண்ணப்பத்துல போடுற மாதிரி?"

வேண்டாம் என்றேன். வேறு என்ன செய்வது என்று அவர் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கீழே இருப்பது அந்த யோசனை. வியாழக்கிழமை எப்போதோ போய்விட்டது.

2

தொடக்கங்கள். நான் எதையும் வரிசையாகச் செய்கிறவன். கடிதத்துக்குப் பதில் எழுதும்போதும் முதலில் மூன்று வரைவு போடுவேன்.

முதல் வரைவு: மழை பெய்துகொண்டிருந்தது. கிழிந்த சட்டை போட்ட ஒரு சிறுமி தெருமுனையில் நின்று, போகிறவர் வருகிறவர் முகத்தைப் பார்த்து, தன் மெல்லிய குரலில்—

அடித்துவிட்டேன். எலேன் வாரியின் வாழ்க்கையில் கிழிந்த சட்டை கிடையாது. அவருடைய அப்பா தெற்கே நார்பொன் ஊரில் குளியலறைச் சாமான்கள் விற்றார். கடை நன்றாக ஓடியது. வீட்டில் பியானோ இருந்தது. அந்தப் பக்கம் மழையும் அதிகம் கிடையாது, காற்றுதான்.

இரண்டாம் வரைவு: 1936இல் நார்பொன் நகரில் யூகெத் கஸல்பூ பிறந்தார்.

இது சரியான தகவல். ஆனால் இப்படித் தொடங்கினால் அடுத்த வரியிலேயே இறந்துவிடுவார் போல இருக்கிறது. அவர் நன்றாக இருக்கிறார். போன வாரம்கூட என் கமா ஒன்றைத் திருத்தினார்.

மூன்றாம் வரைவு அவருடைய அம்மாவிடமிருந்து தொடங்குகிறது. யூகெத் கஸல்பூ என்ற பெயர் சாமான் கடைப் பெயர் போல இருக்கிறது என்று நிறுவனத்தில் தட்டுப் பதிவைப் பார்த்துக்கொண்ட மொனியே என்பவர் அதை எலேன் வாரி என்று மாற்றினார். (அது சாமான் கடைப் பெயரேதான்.) பெயரோடு நிற்காமல், பத்திரிகைக்காரர்களிடம் அவரை அநாதை என்றும் சொல்லிவைத்தார். சோகப் பாட்டுப் பாடுகிறவளுக்குப் பெற்றோர் இருந்தால் எடுபடாது என்பது மொனியேயின் கணக்கு. பாரிஸில் முதல் பெரிய கச்சேரிக்கு அம்மாவை அழைத்தபோது தொலைபேசியில் நடந்த பேச்சு இது:

"நான் எப்படிடி வர்றது? நான் செத்துட்டேன்னு பேப்பர்ல போட்டிருக்கு."

"தொப்பி போட்டுக்கிட்டு வாங்கம்மா."

"உங்கப்பாவையும் சேத்துக் கொன்னுட்டாங்களா?"

"ரெண்டு பேரையும்தான்."

"அப்ப சரி. அவரை மட்டும் உயிரோட விட்டிருந்தா பொறுத்திருக்க மாட்டேன்."

மதாம் கஸல்பூ வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து, அநாதைக்காக எல்லோரையும்விட அதிகமாக அழுதார்.

இந்தத் தொடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கதை அம்மாவைப் பற்றியது அல்ல. அவரை இங்கேயே வழியனுப்பிவிடுகிறேன்.

3

உகரத்தை இப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடக்கும் சண்டை, சண்டையாகவே தெரியாது.

நாம் பால் என்று எழுதிவிட்டுப் பாலு என்று சொல்கிறோம். கார் என்று எழுதிவிட்டுக் காரு என்கிறோம். பிரான்சில் இதற்கு நேர்மாறு. சொல்லின் கடைசியில் ஓர் எழுத்தை எழுதுவார்கள். பாரிஸ்காரர் அதை விழுங்கிவிடுவார். தெற்கத்திக்காரர் விழுங்கமாட்டார், நம் 'காரு' மாதிரி, ஒரு குட்டி உகரத்தைச் சேர்த்துத்தான் சொல்லை முடிப்பார்.

பல சொற்களில் அந்த எழுத்துதான் பெண்ணைக் காட்டுகிறது. தனியாக இருக்கும் ஆணுக்கு 'ஸெல்'. தனியாக இருக்கும் பெண்ணுக்கும் ஸெல்தான், ஆனால் எழுதும்போது கடைசியில் ஓர் எழுத்து கூடும். பாரிஸில் காதுக்கு இரண்டும் ஒன்று. நார்பொன்னில் ஆண் சொன்னால் 'ஸெல்', பெண் சொன்னால் 'ஸெலு'.

பாரிஸுக்கு வந்த யூகெத்தின் வாயிலிருந்து அந்த உகரங்களையெல்லாம் பிடுங்குவதற்கு மொனியே ஓர் உச்சரிப்பு ஆசிரியையை அமர்த்தினார். வாயில் பேனாவைக் கடித்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பதுதான் பயிற்சி. சில மாதத்தில் யூகெத் பாரிஸ்காரியாகப் பேசினார். ஊருக்குப் போனபோது ரொட்டிக் கடைக்காரர் அவரிடம், "மதாம் சுற்றுலாவா வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

[ஓரக்குறிப்பு: யூகெத்தின் ஊர்ப் பேச்சைத் தமிழில் எந்த ஊர்ப் பேச்சாக எழுதுவது என்று திண்டாடினேன். ஒரு பக்கம் முழுக்கத் திருநெல்வேலியாக எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் நார்பொன் கடற்கரையில் தாமிரபரணி ஓட ஆரம்பித்துவிட்டது. கிழித்துவிட்டேன்.]

4

ஆன்ஸெல்ம் வார்தெல். வடக்கே அராஸ் ஊர்க்காரர். பாட்டு எழுதுவார், பியானோ வாசிப்பார். யூகெத்தின் முதல் நான்கு தட்டுகளும் அவர் எழுதியவை. இருவரும் பாரிஸில் ஒரே வீட்டில் மூன்று வருடம் குடியிருந்தார்கள்.

இவரை எனக்குப் பிடிக்கவில்லை என்பது வரைவில் தெரிந்துவிடுகிறது. சமன் செய்ய ஒரு பத்தி எழுதினேன்: 'ஆன்ஸெல்ம் அடிப்படையில் நல்ல மனம் கொண்ட—' எழுதிக்கொண்டிருக்கும்போதே அது இரங்கல் செய்தியாக மாறியது. ஆகவே தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே சமைப்பார். வெங்காயத்தாளும் உருளைக்கிழங்கும் போட்ட சூப். உருளைக்கிழங்குத் தோலைக் காகிதம் போல மெல்லிசாகச் சீவுவார். சாப்பிடும்போது பேசமாட்டார். சாப்பிட்ட பிறகும் அவ்வளவாகப் பேசமாட்டார்.

1963இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யூகெத்தின் சூப் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்தார். புதுப் பாட்டு. ஒருவன் ஞாயிற்றுக்கிழமை சூப் வைத்து, இரண்டு கரண்டிகளை எடுத்துவைத்து, எதிர் நாற்காலியோடு பேசிக்கொண்டே சாப்பிடுகிறான். நாற்காலி காலி. கடைசி வரி ஏறக்குறைய இப்படி: மேசை இருக்கிறது, மணி அடிக்கிறது, நான் இருக்கிறேன், தனி.

யூகெத் கரண்டியைக் கையில் பிடித்தபடியே படித்தார்.

"இது யாரோட நாற்காலி?"

"எது?"

"எதிர்ல காலியா இருக்குன்னு எழுதியிருக்கியே, அது."

"பாட்டுல வர்ற ஒரு நாற்காலி."

"இந்த வீட்டுல ரெண்டு நாற்காலிதான் இருக்கு, ஆன்ஸெல்ம். ஒண்ணுல நீ உக்காந்திருக்கே."

"எல்லாத்தையும் இப்படி எண்ணிப் பாக்காதே. இது கவிதை."

"கவிதையாவே இருக்கட்டும். அதுல நான் எங்க போயிட்டேன்?"

"உப்பு போதுமா?"

"போதும்."

இந்த உரையாடலை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உப்பு வரை ஒரே மாதிரி சொல்கிறார்கள். போதாது என்று யூகெத் சொன்னதாக ஆன்ஸெல்ம் சொல்கிறார்.

5

பதிவுக்கூடம். பெண்கள் ஆண்களின் பாட்டைச் சொல் மாற்றாமல் பாடுவது அங்கே வழக்கம்தான். யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். ஆகவே யூகெத் 'ஸெல்' என்று பாட வேண்டும், அவ்வளவுதான். பாரிஸில் எப்படிப் பாடினாலும் அது 'ஸெல்'தான்.

பாட்டு முழுவதையும் பேனா கடித்துப் பழகிய உச்சரிப்பில் சுத்தமாகப் பாடினார். கடைசிச் சொல்லில் மட்டும், பியானோ நின்ற பிறகு, 'ஸெலு' என்றார்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மொனியே கேட்டார்: "என்ன அது, முடிவுல ஒரு பெருமூச்சு?"

"பெருமூச்சு இல்லை" என்றார் ஆன்ஸெல்ம். "என் பாட்டுக்குப் பாவாடை கட்டி விட்டுட்டா."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. அழகா இருக்கு. விடுங்க."

அப்படியே விட்டார்கள். பாட்டு பிரான்ஸ் முழுக்க ஒலித்தது. சொல்லுக்கு அப்பால் ஒரு தேம்பல் கேட்கிறது என்று ஒரு விமர்சகர் எழுதினார். அந்தத் தேம்பலுக்காகவே வந்த கடிதங்களுக்குப் பிற்காலத்தில் நான் பதில் எழுதினேன். மனைவி நினைவு நாளில் அந்த ஒரு நொடியை மட்டும் கேட்பதாக லியோன் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவர் எழுதியிருந்தார். பாரிஸ் காதுக்கு அது துக்கம். நார்பொன்னில் வானொலியைக் கேட்ட அப்பா கஸல்பூவுக்கு எதுவுமே விசேஷமாகத் தெரியவில்லை. "பொம்பளப் புள்ள வேற எப்படிச் சொல்லும்?" என்றாராம்.

விஷயம் புரிந்த ஒரே பாரிஸ்வாசி ஆன்ஸெல்ம்தான். பதிவு முடிந்த அன்று மாலையே அவர் கேட்டார்:

"தெரிஞ்சு செஞ்சியா, தவறிச்சா?"

"ஊர்ப் பேச்சு. வாயில வந்திருச்சு."

"உன் ஊர்ப் பேச்சு போய் ரொம்ப நாளாச்சு."

"திரும்பி வந்திருக்கும்."

இலையுதிர்காலத்தில் ஆன்ஸெல்ம் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். போன மறுநாளிலிருந்து இருவரும் 'நீங்க' என்று பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் பாட்டு எழுதவில்லை. பள்ளி ஒன்றில் இசை சொல்லிக்கொடுத்தார். யூகெத் உலகெங்கும் பாடினார். ஒவ்வோர் அரங்கத்திலும் கடைசிச் சொல்லைக் கூட்டமே எடுத்துக்கொள்ளும். ஆயிரம் பேர் சேர்ந்து 'ஸெல்' என்பார்கள். அந்த இரைச்சலுக்குள் அவர் எதைப் பாடினார் என்பது யாருக்கும் கேட்டதில்லை.

6

இதை நான் ஏன் தமிழில் எழுதுகிறேன் என்றால், பிரெஞ்சில் எழுத முடியாது. அந்தச் சொல்லை எழுதும் இடம் வந்ததும் பேனா நின்றுவிடும். எழுத்தைக் கூட்டினால் ஒருவர் ஜெயித்துவிடுவார். விட்டால் இன்னொருவர்.

நான் சின்ன ஊர்ப் பள்ளியில் படித்த தமிழ் இலக்கணம் இங்கே உதவுகிறது. தமிழில் தன்மைக்குப் பால் கிடையாது. நான் தனியாக இருக்கிறேன் என்று யார் சொன்னாலும் ஒன்றுதான். அவனா அவளா என்று மற்றவர்களைத்தான் பிரிக்கிறோம்; தன்னைச் சொல்லும்போது யாரும் கேட்பதில்லை. ஆகவே இந்தக் கதையின் முழுப் பிரச்சினையும் தமிழில் இல்லவே இல்லை. இல்லாத பிரச்சினையைத் தமிழ் வாசகருக்கு விளக்க இத்தனை பக்கம் ஆகியிருக்கிறது.

(தனியன், தனியள் என்று போடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். போடலாம். போட்டால் யூகெத் பழம்பாட்டில் வரும் தலைவி ஆகிவிடுவார். அவர் சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்.)

7

2004இல், குரல் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும் என்று யூகெத் முடிவு செய்தார். கடைசிக் கச்சேரி நார்பொன் நகராட்சி அரங்கத்தில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில். செய்தி பார்த்து ஆன்ஸெல்ம் ரயிலேறி வந்துவிட்டார். எழுபத்தெட்டு வயது. கழுத்தில் டை, கைத்தடி, காதில் கேட்புக் கருவி.

கச்சேரிக்கு முன் மூவரும் மட்டி சாப்பிட்டோம். ஆன்ஸெல்ம் ஓடுகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"ஒரு விஷயம் கேக்க வந்தேன்."

"தெரியும். சாப்பிடுங்க."

"ஒரே ஒரு தடவை. நான் எழுதினபடி."

"பாரிஸ்ல பாடுறேன்."

"பாரிஸ்ல பாடினா வித்தியாசமே கேக்காதே."

"அதுக்குத்தான்."

"இங்க பாடுங்க. இந்த ஊர்லதான் கேக்கும்."

யூகெத் ரொட்டியைப் பிய்த்தார். "நான் அந்த நாற்காலியில இருந்தேன், ஆன்ஸெல்ம்."

"இருந்தீங்க. அதனாலதான் எழுதினேன். நிஜமாவே காலியா இருக்கிற நாற்காலியப் பாத்து எவன் வேணும்னாலும் எழுதுவான்."

இந்த வாக்கியத்துக்குப் பிறகு அவரைப் பிடிக்காமல் இருப்பது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது. நான்காம் பகுதியைத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை.

"வாழ்க்கையில உண்மையா நான் எழுதினது அது ஒண்ணுதான்" என்றார். "அது உங்க பாட்டா ஆயிடுச்சு. சாகறதுக்குள்ள ஒரு தடவை என் பாட்டா கேக்கணும்."

"நான் அப்படிப் பாடினா என்ன அர்த்தம்? அன்னிக்கு மேசையில இன்னொரு ஆள் இல்லவே இல்லைன்னு நானே ஒத்துக்கிட்டதா அர்த்தம். மூணு வருஷம் நான் யாருக்கு எதிர்ல உக்காந்திருந்தேன்?"

"எனக்கு எதிர்ல."

"அதை நீங்க எழுதியிருக்கலாமே."

"அன்னிக்கு அந்த உகரம் தவறி வந்ததா, இல்லையா? அதையாவது சொல்லுங்க."

"மட்டி ஆறிப் போகுது" என்றார் யூகெத்.

8

அரங்கத்தில் ஆன்ஸெல்மும் நானும் மூன்றாம் வரிசை. கச்சேரியை வர்ணிக்க ஒரு பக்கம் எழுதியிருந்தேன். விளக்கு, கறுப்பு உடை, கைதட்டல். எல்லாக் கச்சேரியிலும் இருப்பவை. எடுத்துவிட்டேன்.

கடைசிப் பாட்டு 'சூப்'. இரண்டு கரண்டி, நாற்காலி, மேசை, மணி. நான் இருக்கிறேன் என்ற இடம் வந்தது. பியானோ நின்றது.

ஆன்ஸெல்மைப் பார்த்தேன். கைக்குட்டையை விரித்து மடியில் வைத்திருந்தார். காதிலிருந்த கருவியைக் கழற்றி அதில் வைத்து, முட்டையைப் பொதிவது போல நான்கு பக்கமும் மடித்தார்.

வழக்கம்போலக் கூட்டம் கடைசிச் சொல்லை எடுத்துக்கொண்டது. ஆனால் இது நார்பொன். ஆண்கள் எல்லோரும் 'ஸெல்' என்றார்கள். தடித்த குரலில், கதவைச் சாத்துவது போல, முடிந்தது. பெண்கள் எல்லோரும் 'ஸெலு' என்றார்கள். ஆண்களின் சொல் முடிந்த பிறகும் அந்த உகரம் மட்டும் கூரைக்குக் கீழே ஒரு கணம் தனியாக நின்றது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. அந்த ஊரில் ஆணும் பெண்ணும் சேர்ந்து அந்தச் சொல்லைச் சொன்னால் அப்படித்தான் கேட்கும். நாற்பது வருடமாக அவர் அந்தப் பாட்டை அங்கே பாடியதில்லை என்பதை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன்.

யூகெத் எதைப் பாடினார்? அதற்குள் திரும்பி அவருடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக அந்த இடத்தில், எனக்கு முன் இருந்த பெரிய உடம்புக்காரர் கைதட்ட எழுந்துவிட்டார். அவருடைய கோட்டின் முதுகு எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. பழுப்பு நிறம்.

[ஓரக்குறிப்பு: கதைக்கு வசதியாக அவரை உட்காரவைத்துப் பார்த்தேன். உட்கார்ந்ததும் யூகெத் தெரிந்தார். ஆனால் நான் எழுதினால்தான் அவர் வாய் அசைந்தது. அதனால் பழையபடி எழுப்பிவிட்டேன்.]

9

மாலை ஐந்தரைக்கு ஆன்ஸெல்முக்கு ரயில். நான் காரை ஓட்டினேன். அவர் எனக்குப் பக்கத்தில். யூகெத்தின் விடுதி ரயில் நிலையத்தைத் தாண்டி இருந்ததால் அவரும் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார். ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

கால்வாய்ப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது ஆன்ஸெல்ம் ரகசியமாகக் கேட்டார். காது கேளாதவர்களின் ரகசியம் எதிரே வரும் வண்டிக்கும் கேட்கும்.

"முசியே. அவ எதைப் பாடினா?"

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து 'அவ' வந்து நான் கேட்டதில்லை.

"உங்களுக்குக் கேக்கலையா?" என்றேன்.

அவருக்கு அதுவும் கேட்கவில்லை. மடித்த கைக்குட்டையைத் தூக்கிக் காட்டினார். "கழட்டிட்டேன்."

"ஏன்?" என்று கையால் கேட்டேன்.

"பயமா இருந்துச்சு. அவ பொம்பளையா பாடிட்டா ரயில் ஏற முடியாது. ஆம்பளையா பாடிட்டாலும், அவளுக்கு நான் என்ன பண்ணியிருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சிடும். அதோடயும் ரயில் ஏற முடியாது. நீங்க சொன்னா, சும்மா ஒரு தகவல். சொல்லுங்க."

நிலையத்துக்கு முந்தைய சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தது.

மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன்.

நீங்க எழுதினபடிதான் பாடினாங்க. அவருக்கு அவருடைய பாட்டு திரும்பக் கிடைக்கும். பின்னிருக்கையில் இருப்பவர், தான் அந்த மேசையில் இருந்ததே இல்லை என்பதை என் வாயால் கேட்பார்.

அவங்க பாடுற மாதிரிதான் பாடினாங்க. நாற்காலியில் ஆள் இருந்தது நிச்சயமாகும். இவர் அராஸ் வரை அதோடு போவார்.

முன்னால ஒருத்தர் மறைச்சுட்டாரு, நான் பாக்கலை. இது உண்மை. எழுதியதும் மற்ற இரண்டையும்விட இதுதான் பொய் போலத் தெரிந்தது.

அன்று நான் ஒன்றைச் சொன்னேன். எதை என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பிழை திருத்துகிற பெண் அதையே அச்சில் போட்டுவிடுவார் என்பது ஒரு காரணம். நான் சொன்னதும் பின்னிருக்கையில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்பீர்கள் என்பது இன்னொன்று. அதைவிட, நான் பார்த்த அளவுக்கு நீங்களும் பார்த்துவிட்டீர்கள். கோட்டின் முதுகு வரை.

ஆகவே கதையில் விளக்கு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. பின்னால் யூகெத்தின் கண்கள் மூடியிருக்கின்றன. அது தூங்குகிறவர் விடும் மூச்சு அல்ல. ஆன்ஸெல்முக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. பிரான்சில் ஓட்டுகிறவன் உட்காருவது இடது பக்கம்; அவன் பக்கம் இருப்பது அந்தக் காதுதான். பதிலுக்காக அவர் உடம்பையே திருப்பி, வலது காதை முன்னால் கொண்டுவந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். கருவி இல்லை. நீங்களே கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.